அப்பாவின் இடது கால்

ஜபல் தாஜ், அம்மான்
ஞாயிற்றுக்கிழமை

பேரன்புக்குரிய தைசீர் சித்தப்பாவுக்கு,

மைசூன் எழுதுவது. நீங்களும் சித்தியும் பிள்ளைகளும் குவைத் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிவிட்டேன். இனி உண்மை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் கூப்பிட்டாலே அப்பா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு வீட்டு நடுவில் வைத்துவிடுவார். அதனால் குவைத்துக்குப் பறக்கும் என் சிநேகிதியின் கைப்பையில் இந்தக் கடிதம் வருகிறது. விஷயம் இதுதான். ஊர் திரும்பும்போது உங்கள் ஆட்டோமேட்டிக் காரை அப்பாவுக்கே கொடுத்துவிடுவதாக ரம்ஜானில் சொன்னீர்கள். அதற்கு அப்பா, "அது வண்டியா, வாஷிங் மெஷினா? சும்மா உக்காந்திருக்கவா நான் முப்பது வருஷம் கியர் போட்டேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மன்னித்து, காரை இந்த மாதமே கொண்டு வாருங்கள். வராவிட்டால் காருக்குப் பதிலாக நான் போக வேண்டியிருக்கும். விளையாட்டுக்கு எழுதவில்லை.

அப்பாவின் இடது முழங்கால் போய் இரண்டு வருடம் ஆகிறது. மாடி ஏற முடியாது, தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். ஆனால் கிளட்சை மிதிக்க மட்டும் அந்தக் கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடமே சாதித்தவர். நம் தெரு எப்படிப்பட்ட மேடு என்பது உங்களுக்குத் தெரியும், தக்காளி கீழே விழுந்தால் அடுத்த தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அந்த மேட்டில் பாதி ஏறியதும் யாராவது குறுக்கே வருவார்கள், அப்பா நிறுத்துவார், மறுபடி எடுக்கும்போது கால் நடுங்கும், வண்டி பின்னால் உருளும். முதலில் தெருவுக்கே பெரியவர் ஹாஜி தௌக்கானின் இரும்பு கேட்டில் உருண்டது. பிறகு காய்கறிக் கடையில் கத்தரிக்காய் மேல் உருண்டது. போன மாதம், பாட்டுப் போட்டு ஆள் கூப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக வந்துகொண்டிருந்த காஸ் சிலிண்டர் லாரி மேல் உருண்டது. பாட்டு நின்றுபோய்த் தெருவே வெளியே ஓடி வந்தது. அப்பா இறங்கி லாரிக்காரனைப் பார்த்து, "ஏன்டா என் பின்னால வந்து நிக்கிற?" என்றார்.

நான் ஓட்டுகிறேன் என்று சொல்லாமலா இருந்தேன்? எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் ஊர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவள் நான், அந்தக் காருக்குப் பெட்ரோல் போடுவதும் என் சம்பளம். ஆனால் லைசென்ஸ் எடுத்தபோது அப்பா பயிற்சிப் பள்ளியில் வந்து நின்று, "பொண்ணுக்குக் கிளட்ச் எதுக்கு? ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் குடுக்கட்டும், அது போதும்" என்றார். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தவள் கியர் வண்டியைத் தொட்டால் போலீஸ் பிடிக்கும். அண்ணன் ஃபவ்வாஸும் ஆட்டோமேட்டிக் ஆள்தான், ஆனால் அவனை யாரும் வற்புறுத்தவில்லை, சோம்பேறித்தனத்தால் அப்படி எடுத்தான். ஆக வீட்டில் ஒரு கார் இருக்கிறது, அதற்குப் பூட்டே தேவையில்லை. அந்த மூன்றாவது மிதிதான் பூட்டு. அதை அழுத்தத் தெரிந்த ஒரே காலுக்கு முட்டி கிடையாது.

இப்படி இருக்கும்போது போன வெள்ளிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்து முப்பது ஆண்கள் இஸ்திரி போட்ட உடுப்போடு நம் மேட்டில் ஏறி வந்தார்கள், முன்னால் ஹாஜி தௌக்கான். பால்கனியில் இருந்து பார்த்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம மைசூனைப் பொண்ணு கேட்டு வர்றாங்க!" என்று கத்தினார். யாருக்குக் கேட்டு வருகிறார்கள் என்று யோசிக்கவில்லை. அம்மா குனாஃபா இனிப்பு வாங்க ஆள் அனுப்பினாள். நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். துண்டோடு வந்து சமையலறைக் கதவிடுக்கில் நின்றேன்.

காப்பி வந்தது. ஹாஜி கோப்பையை வாங்கிக் குடிக்காமல் மேஜையில் வைத்தார். "அபூ ஃபவ்வாஸ், நாங்க கேக்க வந்ததைக் கொடுத்தாத்தான் இந்தக் காப்பியைத் தொடுவோம்" என்றார் அப்பாவிடம். வழக்கப்படி அப்பா "என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டிருக்க வேண்டும். ஹாஜி பத்து நிமிடம் இரு குடும்பத்தின் பெருமையைப் பேசியிருப்பார். என்னையும் உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள், பேருக்காவது. அப்பா அதெல்லாம் எதுக்கு என்று நினைத்தாரோ என்னவோ, நெஞ்சை நிமிர்த்தி, "குடிங்க ஹாஜி! கேட்டு வந்தது உங்களுக்குத்தான்!" என்றுவிட்டார். முப்பது பேரும் ஒரே மடக்கில் குடித்துவிட்டார்கள்.

ஹாஜி வாயைத் துடைத்துக்கொண்டு, "அல்லாஹ் உன் முகத்தை வெளிச்சமாக்கட்டும். அந்தக் கியர் வண்டியை வித்துட்டு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிக்க. தெருவே உனக்கு துவா செய்யும்" என்றார்.

அப்பா சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப... பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?" என்றார் ஹாஜி.

சித்தப்பா, நான் இந்தத் தெருவில் பிறந்து இருபத்தேழு வருடமாக அவர் கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். எந்தப் பொண்ணாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அப்பா சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "ஹாஜி, பொண்ணை எடுத்துக்குங்க. காரை மட்டும் விட்ருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டயர் கடை ஷிஹாதா மட்டும் சிரிக்கவில்லை. பெண்டாட்டி செத்து ஒரு வருடம் ஆன ஆள், என் வயதில் அவனுக்கு மகன் இருக்கிறான். காலிக் கோப்பையை மறுபடி மேஜையில் வைத்து, "அப்படின்னா நாம தனியா ஒரு நாள் பேசலாமே, அபூ ஃபவ்வாஸ்" என்றான்.

என்னைக் கொடுக்க ஒரு மடக்குக் காப்பி நேரம்கூட ஆகவில்லை. காரைக் கொடுக்க மூன்று வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார். நான் அன்று இரவே கேட்டேன், "என்னை வித்தீங்களே, என்ன விலைக்கு?" என்று. "அடிப்பாவி, வாய் தவறி வந்துடுச்சு. ஷிஹாதா நல்ல மனுஷன்டி, டயர் ஓசி" என்கிறார். அம்மா திரும்பி நின்று பாத்திரம் கழுவுகிறாள். சபையில் கொடுத்த வார்த்தையை அப்பாவால் மீற முடியாது, மீறினால் இந்த மலையில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். ஆகவே ஒன்று ஆட்டோமேட்டிக் வர வேண்டும், இல்லையென்றால் அப்பா ஷிஹாதா மூலமாகத் தெருவைச் சமாதானப்படுத்தி, நான் டயர் கடைக்குப் போவேன், அவர் முட்டியும் கியரும் இதே மேட்டில் உருண்டுகொண்டிருக்கும். கார் வந்தால் நானும் ஓட்டலாம். ஆஸ்பத்திரிக்கு நானே போவேன். அதனால்தான் கெஞ்சுகிறேன், சீக்கிரம் வாங்க சித்தப்பா, எல்லையில எவ்வளவு நேரம் நிக்க வெச்சாலும் திரும்பிப் போயிடாதீங்க.

சித்தியின் கைகளுக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் என்றும் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாத
மைசூன்

பின்குறிப்பு: காரைக் கொண்டு வராதீர்கள். சிநேகிதியின் பயணம் தள்ளிப்போனது நல்லதாயிற்று, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

ஹாஜி தன் மகனின் ஆட்டோமேட்டிக்கை அப்பாவுக்கு ஓட்டக் கொடுத்தார், பழகட்டும் என்று. ஹாஜி முன்னால், ஷிஹாதா பின்னால், மடியில் நம் வீட்டுக்கு வாங்கிய பக்லாவா டப்பா. பெல்ட் யாரும் போடவில்லை. நேரான சாலையில் வேகம் பிடித்ததும் அப்பா பழக்க தோஷத்தில் அடுத்த கியர் போட நினைத்து, இடது காலால் கிளட்சை ஓங்கி மிதித்தார். அங்கே இருந்தது பிரேக். இரண்டு வருடமாக வலிக்கும் காலுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ஹாஜிக்கு மூக்கு உடைந்தது. ஷிஹாதா பக்லாவாவோடு முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தான். இப்போது கழுத்தில் பட்டை. இந்த வீட்டோடு எந்த உறவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

பிறகு மன்னிப்புக் கேட்க அப்பா ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஹாஜி வீட்டுக்குப் போனார். இந்த முறை கோப்பையைக் கீழே வைத்தவர் அப்பா. ஹாஜி மூக்குக் கட்டோடு சொன்னாராம், "பழைய பேச்சை விடு, கியரோ ஆட்டோமேட்டிக்கோ எனக்குக் கவலையில்லை. இனிமே எந்த ஸ்டியரிங்கையும் நீ தொடக் கூடாது. சம்மதம்னா மன்னிச்சேன், குடி."

"அப்ப வண்டியை யார் ஓட்டறது?"

"உன் வீட்டுல ஒரு பொண்ணு இருக்குன்னு அன்னிக்குச் சொன்னியே."

அப்பா குடித்துவிட்டார்.

உங்கள் காரைக் கேட்டு எழுதுகிறேன் என்று நான் வாய் தவறிச் சொன்னதுமே ஃபவ்வாஸ் அதற்கு சீட் கவர் வாங்கி வைத்துவிட்டான். ஆட்டோமேட்டிக் வந்தால் ஆணுக்குத்தான் சாவி. கியர் வண்டி அவனுக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டான். அதனால் பயிற்சிப் பள்ளியில் மறுபடி சேர்ந்துவிட்டேன், இந்த முறை கியருக்கு. நேற்று பயிற்சி ஆசிரியர் நம் மேட்டின் பாதியிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார். ஹாஜி தன் கேட்டுக்குப் பின்னால் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கிளட்சை விட்டேன். வண்டி ஒரு சாண் பின்னால் போனது. ஒரே ஒரு சாண். அப்புறம் ஏறியது.