மறுநாளே திரும்பி வரும் துரு

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், மாப்பிள்ளை சுகம், சைக்கிள்தான் சுகமில்லை. அங்கே உன் ஆபீஸ் பயிற்சி நல்லபடியாக நடக்கும் என்றும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூட வந்த உன் அம்மா உன்னை அதிகம் திட்டவில்லை என்றும் நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை அடுத்த அறையில் இருக்கிறார், விஷயமும் அவரைப் பற்றியது, எனக்கு மெதுவாகப் பேச வராது என்பதும் உனக்குத் தெரியும்.

என்ன சைக்கிள் என்று கேட்பாய். நீங்கள் கிளம்பிய மறுநாள் அவருக்குத் தெரியாமல் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். காலை ஷிப்டுக்கு ஆஸ்பத்திரி லேபுக்கு அரை மணி நேரம் நடந்தே போகிறார் பாவம். வேலை நிரந்தரமாகும் அன்று வாசலில் சைக்கிளை நிறுத்தி, 'இது உங்களுக்கு' என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அந்த மனுஷன் இரண்டு வருஷமாக நாற்காலி நுனியிலேயே உட்காருகிறாரே, அது எனக்குத் தெரியாதா? ஆனால் அதையெல்லாம் எப்படிப் பேசுவது? நீங்கள் போனதிலிருந்து எங்களுக்குள் நடக்கும் பேச்சு இவ்வளவுதான். "சாப்டீங்களா மாமா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு மாமா." அதற்குப் பிறகு இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்ப்போம்.

சைக்கிளை விற்றவர், "நல்ல ஸ்டீல் பிரேம் சார், மேல கொஞ்சம் துரு, தேய்ச்சா போயிடும்" என்றார். தேய்த்தேன். காலை பத்து மணிக்கு உப்புத்தாளோடு உட்கார்ந்தவன் பன்னிரண்டு மணிக்கு எழுந்தபோது மேல் பார் முழுவதும் வெள்ளை வெளேரென்று இரும்பு தெரிந்தது. துடைத்து, பழைய போர்வையால் மூடி, மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு, சாப்பிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை போர்வையை எடுத்தால், தேய்த்த இடம் பூராவும் செக்கச் செவேலென்று துரு. தேய்க்காத இடம் பரவாயில்லை, தேய்த்த இடத்தில்தான். சரி, ஈரக்காற்று என்று மறுபடி தேய்த்தேன். மறுநாள் மறுபடி. முப்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவன் சும்மா விடுவேனா, புத்தகத்தில் பார்த்தேன். துரு மெல்ல மெல்ல வரும் என்று போட்டிருக்கிறது. இந்தத் துரு அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. ஹார்டுவேர்க் கடைக்காரர் மண்ணெண்ணெய் போடச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் என்றார், அவர் மனைவி உருளைக்கிழங்கை வெட்டி உப்புத் தொட்டுத் தேய்க்கச் சொன்னார். சமையலறையில் இருந்ததெல்லாம் சைக்கிளுக்குப் போக, நாங்கள் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தோம். இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். எனக்கு இப்போது இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது.

ஐந்தாம் நாள் துரு இன்னும் அழகாக, ஓரம் பிசகாமல், ஒரே சீராக வந்திருந்தது. துருவுக்கு எங்கிருந்து இவ்வளவு கைநேர்த்தி? யோசிக்கலாம் என்றால் பக்கத்து வீட்டில் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களோ என்னவோ, மத்தியானமானால் வாடை தலையை வலிக்கச் செய்கிறது. அன்று சாயங்காலம்தான் மாப்பிள்ளையின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. "என்ன மாப்ளே கையில?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா" என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் புரிந்தது. சைக்கிள் தனக்குத்தான் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். மாமனார் வீட்டில் சாப்பிடுவது போதாதென்று மாமனார் சைக்கிள் வேறா என்று ரோஷம். மத்தியானம் நான் தூங்கும்போது உப்புத்தண்ணீர் ஊற்றுகிறார். வேறு என்ன இருக்க முடியும், நீயே சொல். அதனால் நீ வந்ததும் நீங்கள் தனி வீடு பார்த்துக்கொள்வதுதான் நல்லது அம்மா. எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது. மத்தியானத்தில் 'சாப்டீங்களா மாமா' என்று கேட்க ஆள் இருக்காது. உன் அம்மா கேட்க மாட்டாள், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்கு என் முத்தங்கள். அம்மாவிடம் நான் வேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத உன் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காதே. படித்துவிட்டால் மறந்துவிடு. கடிதம் எழுதும் மும்முரத்தில் இன்று மத்தியானம் நான் தூங்கவில்லை. உறைக்குப் பசை தேடி மூன்று மணிக்குப் போனால், மாடிப்படிக்கு அடியில் மாப்பிள்ளை பிரஷும் டப்பாவுமாக உட்கார்ந்திருக்கிறார். டப்பாவுக்குள் என் துரு.

"என்ன மாப்ளே இது?"

"ரெட் ஆக்சைடு மாமா. பெயிண்ட்டுக்கு முன்னாடி இத அடிச்சாத்தான் மறுபடி துரு ஏறாது. உங்க சைக்கிள நீங்க ஆசையா தேய்க்கிறீங்களேன்னு, சொல்லாம முடிச்சு வைக்கலாம்னு நெனச்சேன். ஆனா நான் அடிக்க அடிக்க நீங்க சுரண்டிடறீங்க. நான் தொட்டதே புடிக்கல போலன்னு, வேற வீடு பாக்கலாமான்னு உங்க பொண்ணுக்கு நேத்துதான் லெட்டர் போட்டேன். போன்ல பேசினா உங்களுக்குக் கேக்குமேன்னு."

"அது உங்களுக்கு வாங்கினது மாப்ளே" என்றேன். பிரஷை டப்பாவின் மேல் வைத்தார். பிறகு படியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், நுனியில் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மண்ணெண்ணெய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே அவருடைய கடிதத்தையும் மறந்துவிடு. இப்போது அவசரம் வேறு. மாப்பிள்ளை முன்னமே பச்சை பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறார். எனக்குப் பச்சை பிடிக்கும் என்று நீதான் சொன்னாயாம். எனக்குப் பச்சையைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவர் கேட்டதும் பேஷ் என்று தலையாட்டிவிட்டேன். அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. இதை நாங்கள் எப்படிப் பேசிக்கொள்வது? கடிதம் கிடைத்ததும் போன் செய்து நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அதுவரை போர்வைக்கு அடியில் என்ன நடந்தாலும் அதற்கு நான் பொறுப்பில்லை. உப்புத்தாள் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது.