கூரை பிரித்த அறையில் ஒரு மூட்டை

காஜா பேராங்கில் எங்கள் வீட்டை ஒட்டிய வாடகை அறைக்குக் கூரை மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். குடியிருந்த சின்னையாவிடம், "கூரையப் பிரிச்சா ஒங்களுக்குச் சிரமம். ஈடா இத வச்சிக்குங்க" என்று அவன் அடித்துவிட்ட வாழைமரம் போட்ட நோட்டை நீட்டினேன்.

"இதுக்கு என்னண்ணே கெடைக்கும்? வேல முடியுற வரைக்கும் ஒங்க வீட்லயே தங்கிக்கிறோம். ஒங்க அடுப்புலயே ஆக்கிக்கிறோம்."

செலவில்லாத ஈடு! பெரிய மனுஷனாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

விஷயத்தைக் கேட்ட என் மனைவி ருக்மணி அடுப்படி விறகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

விறகுக்குப் பின்னால்தான் எங்கள் அரிசி மூட்டை. தினமும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, பொங்கலுக்கென்று ஒளித்துச் சேர்த்தது. ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் உதை நிச்சயம்.

"அவங்க வெறக எடுப்பாங்களே! மூட்டைய எங்கங்க வைக்கிறது?"

யோசித்தேன். அதுதான் தப்பு.

"சின்னையா ரூம்பு காலியாத்தான கெடக்கும்? அங்க யாரு போவா?"

சின்னையா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கூரைக்காரர் பழைய அத்தாப்பு ஓலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, புது அத்தாப்பு எடுத்துவர புக்கிட் ரம்பாய்க்குக் கிளம்பினார். யாரும் பார்க்காத நேரத்தில் மூட்டையை அந்த அறை மூலையில் வைத்துப் பாயால் மூடினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் எல்லாரும் கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். மழை கொட்டியது.

எழுந்து ஓடினேன். சின்னையாவும் கூடவே ஓடிவந்தார். நல்ல மனுஷன்!

"எங்க சாமான்லாம் எடுத்தாச்சே! எதுக்குண்ணே ஓடுறீங்க?"

"எங்க ஒழுகுதுன்னு பாக்கத்தான்."

"கூரையே இல்லியேண்ணே!"

பாயைத் தூக்கினேன். சின்னையா மூட்டையைப் பார்த்தார். ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் பொங்கல் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வெயிலக் காணோம், காய வைக்கவும் முடியாது," என்றாள் ருக்மணி. "ஒளிச்சதெல்லாம் போதும். ஒலைய வைங்க!"

சின்னையா வீட்டு அண்டாவும் வந்தது. அன்றைக்கு இரண்டு குடும்பமும் வயிறு முட்டச் சோறு தின்றோம். நனைந்தபடி திரும்பிவந்த கூரைக்காரரும் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்த சின்னையா, எங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, இத எப்ப பிரிக்கப் போறீங்க?"