வெளியேறச் சொல்லாத பாடம்

"கடைசியா ஒரு 'வெளியேறு' பட்டன் வெச்சரலாமுங்க சார்" என்றாள் நசீபா.

அர்த்தனாரி வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினைந்து நாளாகக் கம்ப்யூட்டர் முன் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் இந்தப் பேச்சைக் குனிந்துகொண்டு கேட்க முடியாது.

"யாரைக் கண்ணு வெளியேறச் சொல்ற?"

"பாடம் பார்க்கறவங்களைத்தானுங்க."

"வந்தவங்களைப் பார்த்து வெளியேறுன்னு எங்க ஊட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை."

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் அது. மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து, அதில் படமும் குரலுமாகப் பாடம் தயாரிக்கும் மென்பொருளும் வந்திருந்தது. கற்றுக்கொடுக்க நசீபா காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். எந்தப் பட்டனை அழுத்தினால் எந்தப் பக்கம் போவது, தப்பான விடைக்கு என்ன காட்டுவது என்பதெல்லாம் ஐம்பத்தாறு வயது வாத்தியாரின் தலைக்குள் இறங்குவதாக இல்லை. ஆனால் அவர் செய்த மிளகுப் பாடத்தைச் சோதித்துப் பார்க்க நாளை அதிகாரி வருகிறார். முதல் பக்கத்தில் 'சின்னக்கண்ணு மகன் அர்த்தனாரி' என்று அப்பாவின் பெயரையும் போட்டாயிற்று. வந்தவர் முகம் சுளித்தால் அது குடும்பத்துக்குத்தான் தலைக்குனிவு.

"அப்ப என்னன்னு போடறதுங்க?"

"'போயிட்டு வாரேன்'னு போடு. அதை வந்தவங்கதான் சொல்லணும்."

போட்டாள். அழுத்தினார்கள். மதிப்பெண் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பாடம் சட்டென்று மூடிக்கொண்டது.

"போறேன்னதும் கதவைச் சாத்தறதா? சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

நசீபா பெருமூச்சு விட்டபடி 'சாப்பிட்டீங்களா?' என்று ஒரு கேள்வி சேர்த்தாள். கீழே 'ஆமா', 'இல்லை' என்று இரண்டு பட்டன்கள்.

"'ஆமா'ன்னா மதிப்பெண் பக்கம். 'இல்லை'ன்னா எங்கீங்க அனுப்பறது?"

"சாப்பிடாதவங்களை எங்க அனுப்பறது? திரும்ப உள்ள கூட்டிட்டு வந்து முதல்ல இருந்து உட்கார வை."

"சார், சுத்திக்கிட்டே இருக்குமுங்க."

"மரியாதைதானே, சுத்தட்டும்."

அதோடு விடாமல், முதல் பக்கத்துக்குத் தன் குரலிலேயே, "வாங்க, வாங்க! உட்காருங்க!" என்று பதிவும் செய்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அதிகாரி அப்புசாமி வந்து இறங்கினார். பாடத்தை முடித்து, கடைசிப் பக்கத்தில் வரும் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். அவரைக் கம்ப்யூட்டர் முன் அமர்த்திவிட்டு அர்த்தனாரி வெளியே வந்து நின்றுகொண்டார். விருந்தாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது அழகல்ல.

பள்ளிக்கூடத்து ஆயா பாவாயி டீயோடு வந்தாள்.

"உள்ள போகாதே. பாடத்துல இருக்கறவரை நடுவுல கூப்பிடறது மரியாதை இல்லை."

அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாங்க, வாங்க! உட்காருங்க!"

"பார்த்தியா கண்ணு, ரெண்டாந்தரம் பார்க்கறாரு!" என்று பக்கத்தில் நின்ற நசீபாவிடம் வாய்நிறையச் சிரித்தார் அர்த்தனாரி.

நாலாந்தரம் அந்தச் சிரிப்பு பாதியானது. ஏழாந்தரம் தன் குரலே அவருக்குச் சலித்துவிட்டது.

"நான் போய் அணைச்சரட்டுங்களா சார்?"

"உட்கார்ந்திருக்கறவரு மூஞ்சிக்கு முன்னாடி அணைக்கறதா? சும்மா இரு."

மதியம் ஆனது. பத்தாந்தரம் ஆனது. பதினோராவது 'வாங்க' முடிவதற்குள் மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயே போய்விட்டது.

கதவு திறந்தது. அப்புசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையிலிருந்த தாள் வெறும் தாளாகவே இருந்தது.

"கடைசிப் பக்கம் வரவே இல்லீங்க வாத்தியாரே."

"எப்படீங்க வராம போகும்? கடைசியா ஒரே ஒரு கேள்விதானுங்களே!"

"உள்ளதைத்தானுங்க அழுத்துனேன்" என்று சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் சாய்ந்தார்.

அர்த்தனாரிக்கு அப்பாவின் பெயர் கண்முன்னே சரிவதுபோல் இருந்தது. "ஓடு கண்ணு, எங்கேயோ கோளாறு! என்னன்னு பாரு!"

நசீபா உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது."

"பின்ன கோளாறு எங்கே?"

ஆறிப்போன டீயைக் கையில் வைத்திருந்த பாவாயி சொன்னாள்: "பொட்டியில இல்லீங்க வாத்தியாரே. காத்தால இருந்து அது பத்துத் தரம் சாப்பிட்டீங்களான்னு அவரைக் கேட்டிருச்சு, நாம ஒருத்தராவது கேட்டமுங்களா?"