என் பக்கத்து பிரேக்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். என் வலது கால் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அங்கே நீங்களும் தங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டேதான் ஃபோன் பேசுகிறீர்கள் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஃபோனில் ரெண்டு வார்த்தையில் முடிக்க வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது என்ன நடந்தது? "சொல்லுங்க மச்சான்" என்றீர்கள். பின்னால் ஒரு ஹாரன். "ஒண்ணுமில்ல, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க" என்றீர்கள். இன்னொரு ஹாரன், கூடவே யாரோ உங்கள் பரம்பரையைப் பற்றி உரக்க விசாரிக்கும் சத்தம். நான் பேசப் பேச நீங்கள் எதிலாவது போய் இடித்துக்கொண்டால் என் தங்கை உங்களை மன்னிப்பாள், என்னை மன்னிக்க மாட்டாள். அதனால்தான் கடிதம். இதை வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். சிக்னலில் நிற்கும்போது பிரித்துவிடாதீர்கள்.

இதை எழுதுவது எங்கள் மெக்கானிக் கடையில், ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு. தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் அது அவருடையது. வெள்ளிக்கிழமை லைசென்ஸ் தேர்வுக்கு வருகிற வண்டி முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம், எனவே பழைய சிவப்பு வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். உங்கள் பெண் வெளியே நிழலில் உட்கார்ந்து சாலை விதிப் புத்தகத்தை நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அழுவாள்.

விஷயம் இதுதான். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் தங்கி என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். லைசென்ஸ் கிடைத்தால் அடுத்த மாதம் முதல் தேதி ஆஸ்பத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கும் நர்ஸ் வேலை. கிடைக்காவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "இவர் பிறர் உதவியின்றி வாகனத்தைச் செலுத்தவும் நிறுத்தவும் வல்லவர்." அதற்குக் கீழே பயிற்சியாளர், அதாவது நான், கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை, பாசம் வேறு, பேனா வேறு. செலுத்துகிறாள், மறுக்கவில்லை. நிறுத்துவது யார்? நான்.

உங்களுக்கே தெரியும், பயிற்சி வண்டியில் எங்கள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் சொதப்பினால் நாங்கள் அழுத்துவோம். இருபத்திரண்டு வருடமாக நான் செய்கிற தொழிலே அதுதான். முதல் நாள் வண்டியை எடுக்கும்போதே உங்கள் பெண்ணின் கவனம் எங்கே இருந்தது தெரியுமா? தரையில். "மாமா, கீழ என்னமோ கிடக்குது" என்று குனிகிறாள்! "கண்ணு ரோட்டுல இருக்கணும், கீழ பாக்காதே" என்று ஒரு அதட்டு அதட்டினேன். அன்றைக்கே ஒரு விதியும் போட்டேன். வண்டி ஓட்டுகிறவர் வாயிலிருந்து மூன்று வார்த்தைதான் வரலாம்: சரி, புரிஞ்சுது, தேங்க்ஸ். ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு குறுக்கே பேசியதே இல்லை. நான் பிரேக் போட்டுக் காப்பாற்றுகிற ஒவ்வொரு தடவையும் தவறாமல் "தேங்க்ஸ் மாமா" என்பாள். வளர்ப்பில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவளை மட்டும் சொல்லி என்ன? இந்த ஊர் ரோட்டில் கண்ணைத் திறந்துகொண்டு போகிற ஆள் நான் ஒருவன்தான். முந்தாநாள் ஒருவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடைபாதையிலிருந்து இறங்கி நேராக எங்கள் வண்டிக்கு எதிரே வந்தார். வண்டி நின்றது. நின்ற வண்டியில் வந்து இடித்துக்கொண்டார். இடித்தவர் தலையைத் தூக்க வேண்டுமா இல்லையா? பானெட்டைத் தட்டி "சாரி சார், நீங்க போங்க" என்று அதனிடமே சொல்லிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போனார். நான் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே வந்து அவருக்குப் புத்தி சொன்னேன். இரண்டு தெரு தாண்டும் வரை சொன்னேன். உள்ளே திரும்பிப் பார்த்தால் வண்டி ஒரு சிக்னலில் ஒழுங்காக நிற்கிறது! என் கால், மாப்பிள்ளை, நான் பார்ப்பதற்கு முன்னால் பார்த்துவிடுகிறது. தலை வெளியே இருந்தாலும் கால் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. இதற்குப் பெயர்தான் அனுபவம்.

அந்த சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு சின்னக் கத்தரிக்கோலால் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பச்சை விழுந்தபோது ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. மனிதர் என்ன செய்வார்? மறுபக்கத்தை வெட்டிக்கொண்டே கிளம்பினார். முழங்கையால் ஸ்டியரிங். "நிறுத்துய்யா, மூக்கு போயிடும்" என்று நான் அவர் கூடவே கத்திக்கொண்டு வந்தேன். அதற்குள் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி பின்பக்கமாக வருகிறது. அதற்கு வழி காட்டுகிறவர் லாரிக்கு முதுகைக் காட்டி நின்று, கையிலிருக்கிற ஃபோனில் கிரிக்கெட்டோ ஃபுட்பாலோ பார்த்துக்கொண்டு, வாய் மட்டும் "வா, வா, வா, இன்னும் வா" என்கிறது. லாரியும் சொன்ன பேச்சைத் தட்டாமல் வருகிறது. நான் மீசைக்காரரிடமிருந்து திரும்புவதற்குள் வண்டி நின்று, பின்னால் நகர்ந்து, ஓரமாக ஒதுங்கிவிட்டது. நின்றது என் கால் உபயம். ஒதுங்கியது எப்படி என்று இன்னும் எனக்கே புரியவில்லை. "தேங்க்ஸ் மாமா" என்றாள்.

இன்னும் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை சந்தியில், ரோட்டைக் கடக்கப் போட்ட வரிக்கோட்டுக்கு நட்டநடுவில் ஒரு தம்பதி நின்று சண்டை போடுகிறார்கள். ஊர் முழுக்க ஹாரன் அடிக்கிறது, இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. நான் தலையை நீட்டி "என்னங்க இது, வீட்டுக்குப் போய்ப் பேசக்கூடாதா?" என்றதும் அந்த அம்மா நேராக என் ஜன்னலுக்கு வந்துவிட்டார். "நீங்களே சொல்லுங்க சார். கதவைப் பூட்டினேன்னு சொன்னாரு. பூட்டலையாம். இப்பச் சொல்றாரு!" கணவரும் வந்தார். "பூட்டினேன்னு சொல்லல சார், பூட்டியிருப்பேன்னுதான் சொன்னேன்!" நியாயம் கேட்டு வந்தவர்களை விரட்ட முடியுமா? நானும் சாவி யார் பையில் இருந்தது என்பது வரை விசாரித்து, தப்பு அவர் மேல்தான் என்று தீர்ப்புச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் மூன்று தடவை மாறிவிட்டது. பின்னால் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள்! ரோட்டில் யார் கவனமில்லாமல் இருந்தாலும் பழி மட்டும் எனக்கு வந்து சேருகிறது.

இதனால் என் கால் படும் பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். அது எந்நேரமும் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் போனால் முன் சீட்டுக்காரரின் செருப்பை அழுத்துகிறது. போன வாரம் முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் கதவைப் பார்க்காமல் எழுந்து நடந்தார். நான் இங்கே பிரேக் போட்டேன். என் காதோரம் ஒரு கற்றை முடி தனியாகப் போய்விட்டது, வேண்டுமானால் தங்கையிடம் கேளுங்கள், ஃபோட்டோ அனுப்பியிருக்கிறாள் என் வீட்டுக்காரி. "உங்க காலை முதல்ல ஆஃப் பண்ணுங்க, அப்புறமா வீட்டுக்குள்ள வாங்க" என்பதுதான் தினமும் எனக்குக் கிடைக்கிற வரவேற்பு. ஒரே ஒரு ஆறுதல், இந்த ஒரு மாதமாகச் சிவப்பு வண்டியில் என் பெடல் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. லேசாக வைத்தாலே போதும். இருபத்திரண்டு வருடத்தில் கால் அந்த அளவுக்குப் பக்குவப்பட்டுவிட்டது.

ஆக, இந்த மாதத்தில் நான் போட்ட பெரிய பிரேக் மட்டும் பதினேழு. அந்தப் பதினேழு தடவையும் நான் பக்கத்தில் இல்லாவிட்டால்? ஒரே மருமகள், மாப்பிள்ளை. எனக்குப் பிள்ளை இல்லை, உங்களுக்குத் தெரியும். அவள் தனியாக இந்த ரோட்டுக்குப் போய், மீசை வெட்டுகிறவனும் பானெட்டிடம் மன்னிப்புக் கேட்கிறவனும் குறுக்கே வர, பக்கத்து சீட் காலியாக இருப்பதை என்னால் கற்பனை பண்ண முடியவில்லை. எனவே கையெழுத்துப் போடப்போவதில்லை. ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து பெயர் பதிகிற வேலை இருக்கிறதாம், அதைக் கேட்கச் சொல்லுங்கள். நாற்காலிக்குப் பிரேக் தேவையில்லை. இதை அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் போதாது.

தங்கைக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கு நீண்ட ஆயுளும், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நல்ல புத்தியும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மச்சான்

பி.கு.: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். மெக்கானிக் கொடுத்த தாள் தீர்ந்துவிட்டதால் கிழித்துவிட்டு வேறு எழுத வழியில்லை, ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த நிமிடம் மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "சார், உங்க பக்கத்து பெடலை அந்தப் பக்கத்து பெடலோட சேக்குற கம்பி தனியாத் தொங்குது. பின்னு கழண்டு விழுந்திருக்கு. உங்க பிரேக்கு வேலை செஞ்சே நாளாகியிருக்கும் போல."

"எத்தனை நாள்?" என்றேன்.

அதற்குள் உங்கள் பெண் எழுந்து வந்து, பையைத் துழாவி, காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு துருப்பிடித்த பின்னை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இதுவா பாருங்கண்ணே."

"இது எங்கேம்மா கிடைச்சுது?"

"முதல் நாளே கீழ கிடந்துச்சு மாமா. சொன்னேன். கீழ பாக்காதேன்னீங்க."

"அப்போ நான் பிரேக் போட்டப்போ எல்லாம்..."

"உங்க பெடல் இறங்கினா என்னோடதும் இறங்கணும்ல. ஒரு நாளும் இறங்கல."

"ஏம்மா அப்புறமாவது சொல்லக்கூடாது?"

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். வண்டியில மூணு வார்த்தைதான்னீங்க. வீட்டுல சொல்லலாம்னா நீங்க அன்னைக்குப் போட்ட பிரேக்கைப் பத்தி அத்தைகிட்ட அவ்வளவு சந்தோஷமாச் சொல்லிட்டு இருந்தீங்க. எனக்கு மனசு வரல மாமா."

பதினேழும் அவளுடையது, மாப்பிள்ளை. லாரிக்கு ஒதுங்கியதும் அவள்தான். நான் ஜன்னலுக்கு வெளியே ஊருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என்னையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பெருமையாக இருக்கிறது. விண்ணப்பத்தை பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மை தீரும் அளவுக்கு அழுத்தி.

மெக்கானிக் புதுப் பின் போட்டுக் கொடுத்தார், வீட்டுக்குக் கிளம்பினோம். மீதியை வீட்டிலிருந்து எழுதுகிறேன். வழியில் ரொம்ப தூரத்தில் ஒருவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் நின்றிருந்தார். நின்றுதான் இருந்தார். என் கால் போய் அழுத்திவிட்டது. ஒரு மாதத்தில் முதல் தடவையாகப் பிரேக் வேலை செய்தது. வண்டி நடுரோட்டில் குத்திட்டு நின்றது, பின்னால் வந்தவர் மயிரிழையில் திருப்பிக்கொண்டு போகிற போக்கில் "கண்ணு எங்கம்மா வச்சிருக்கே?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். அவள் வண்டியை மறுபடி கிளப்பினாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டேன். வீடு வரும் வரை இறக்கவில்லை.

"தேங்க்ஸ் மாமா" என்றாள். கண் ரோட்டிலேயே இருந்தது.