திருப்பிச் சொல்லுங்க

காது கேட்காதவனை உலகம் மன்னிக்கும். காதில் வாங்காமலே தலையாட்டுகிறவனை மன்னிக்காது. கல்யாணம் செய்துவைத்துவிடும்.

பிள்ளைகளே, எனக்கு அந்த வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. வாத்தியார் கணக்குச் சொன்னால் தலையாட்டுவேன். பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் திட்டினாலும் தலையாட்டுவேன். பெங்களூர் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் இங்கிலீஷில் என்னமோ கேட்டார். ஜோராகத் தலையாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மொத்த ஃபேக்டரியிலும் நானும் வாட்ச்மேனும் மட்டும்தான் இருந்தோம். (ஞாயிறு வர யாருக்கு இஷ்டம் என்று கேட்டாராம்.)

அந்தத் தலைக்கு ஒரு கேமராவும் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

தொண்ணூற்றிரண்டு வாக்கில் பிரேசர் டவுனில் ஒரு பெரியவர் வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யப் போனேன். அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போகிற அவசரத்தில் இருந்தார். கூலியோடு ஒரு தோல் பையையும் என் கையில் திணித்தார். உள்ளே ஒரு சினிமா கேமரா! வீட்டில் பிள்ளைகள் தவழ்வதையும் பிறந்தநாள் கேக் வெட்டுவதையும் படம் பிடிக்க அந்தக் காலத்துப் பணக்காரர்கள் வைத்திருந்த சின்னக் கேமரா அது.

அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. ஒரு செங்கல்லை மழமழவென்று இழைத்து முகத்தில் மூன்று கண் வைத்த மாதிரி இருக்கும். மூன்று கண்ணும் ஒரு வட்டத் தகட்டில் இருக்கின்றன. தகட்டைத் திருகினால் கிட்டத்துக்கு ஒன்று, நடுவாந்திரத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று கண் மாறும். பேட்டரி கிடையாது. பக்கவாட்டில் சாவி இருக்கிறது, கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுக்க வேண்டும். ஒரு சாவிக்கு அரை நிமிஷம் ஓடும். ஓடும்போது தையல் மெஷினும் வண்டும் சேர்ந்து பாடுவதுபோல் 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். நாம் பார்க்கிற ஓட்டை தலைமேல் தனியாக இருக்கும், அதற்கும் அந்தக் கண்களுக்கும் சம்பந்தமே இல்லை. கண் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஓட்டையில் எல்லாம் பளிச்சென்று தெரியும். (மூடியைக் கழற்ற நான் மறக்கவில்லை. நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.)

பெரியவர் இங்கிலீஷில் மடமடவென்று விளக்கினார். நானும் மடமடவென்று தலையாட்டினேன். கடைசியில் சந்தேகம் வந்ததோ என்னவோ, சமையல்கார அம்மாவிடம் கற்றுக்கொண்ட தமிழுக்கு இறங்கினார்.

"இதோ பாரு மேன், ஒரே ஒரு ரோல்தான் இருக்கு. பாதி முடிஞ்சா திருப்பி போடணும். மறக்காதே."

"திருப்பிப் போடணும். புரிஞ்சுது சார்."

புரியவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

அந்தச் சமயம் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோகுபாளையத்தில் சுகுணா என்று ஒரு பெண், கார்மென்ட் ஃபேக்டரியில் செக்கர் வேலை. ஒரு சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் கையில் எடுத்ததும் கண்டுபிடித்துவிடுவாளாம். திருப்பத்தூரில் அம்மா கிணற்றடியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். "நான் பொண்ணைப் பாக்காம தட்டு மாத்தக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் போதும். ஆனால் சினிமா கேமரா வைத்திருக்கிறவனுக்குப் போட்டோ கண்ணில் படுமா? நடமாடுகிற பெண்ணையே அம்மாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

ஒத்திகைக்காக, பெங்களூரிலேயே இருந்த என் மாமாவை அல்சூர் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலை வெயிலில் ஏரி தூங்கிக்கொண்டிருந்தது. வாத்துகள், ஒரு படகு, கரையில் உட்கார்ந்து கடலை தின்னும் மாமா. கர்ர்ர்ர். சுருள் ஓடி முடிந்தது.

இப்போது பாதி முடிந்துவிட்டது, திருப்பிப் போட வேண்டும். நான் வளர்ந்தது கேசட் காலம். திருப்பிப் போடு என்றால் முதலிலிருந்து சுற்றி மறுபடி போடு என்றுதானே அர்த்தம்? வெளிச்சம் பட்டால் ஃபிலிம் போச்சு என்று தெரியும், அதனால் என் ரூமில் பட்டப்பகலில் ரஜாய் என்கிற கனத்த போர்வைக்குள் புகுந்து, வேர்க்க வேர்க்க, கையாலேயே சுருளைப் பின்னோக்கிச் சுற்றினேன். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஜ்வரானா?" என்று கன்னடத்தில் காய்ச்சலை விசாரித்தார். ரஜாய்க்குள்ளிருந்தே தலையாட்டினேன். கஞ்சி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையம் போனோம். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்ததும் நான் தோல் பையைத் திறந்தேன். சுகுணாவின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே அது, டிரில்லிங் மெஷினா?"

"கேமராங்க. அம்மாவுக்குக் காட்டணும். இதுக்கு நல்ல வெயில் வேணும். மொட்டை மாடிக்குப் போனா..."

மாமா என் காதில் சொன்னார்: "ஃபிலிமுக்கு வெயில் வேணுமா, உனக்கு மாடி வேணுமாடா?"

சுகுணாவின் சித்தி காவலுக்கு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். மேலே கொடி முழுக்கப் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்றடித்தால் எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாக அடங்கும். ஓட்டை வழியாகப் பார்த்தேன். அந்தப் புடவைகளுக்கு முன்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு பெண். இத்தனை சின்னதாக ஒரு ஆளை அதற்குமுன் நான் அவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை.

"நான் என்ன பண்ணணும்?" என்றாள்.

"ஏதாவது பேசுங்க. அம்மா கேப்பாங்க."

"எது வேணாலும் பேசலாமா?"

"எது வேணாலும்."

"அப்ப உங்ககிட்டயே பேசிடறேன். கீழே எல்லார் எதிர்லயும் கேக்க முடியாது."

சாவியை முழுசாக முறுக்கிப் பொத்தானை அழுத்தினேன். கர்ர்ர்ர்.

அவள் பேசினாள். நிறுத்தி, யோசித்து, என்னைப் பார்த்துப் பேசினாள். என் காதோரம் வண்டு பாடியது. "...ங்க... அதுக்காக... சரியா?" அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. கேட்காததைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. மெஷின்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறதே, நான் வேறு எதற்குக் கேட்க வேண்டும்? நான் அவள் நெற்றியில் விழுந்த ஒரு முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அதைத் தூக்கியது, விட்டது, மறுபடி தூக்கியது. உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல் நானும் அதோடு போய்வந்துகொண்டிருந்தேன்.

அவள் பேசி முடித்துப் புருவத்தை உயர்த்தினாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

என் தலை தன் வேலையைச் செய்தது. மூன்று முறை, பலமாக.

சுகுணா முகம் மலர்ந்து கீழே இறங்கிப் போனாள். நான் பையை மூடிக்கொண்டு வருவதற்குள் அவள் அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பொண்ணு என்னமோ கேட்டுச்சாம், நீங்க ஒத்துக்கிட்டீங்களாம், என்னன்னு எங்ககிட்டகூடச் சொல்லல. ரொம்ப சந்தோஷம் மாப்ளே! இந்தக் காலத்துல எந்த ஆம்பளை ஒத்துக்குவான்?"

எதற்கு என்று தெரியாமலே நானும் அவர் கையைக் குலுக்கினேன்.

வெளியே வந்ததும் மாமா பிடித்துக்கொண்டார். "என்னடா ஒத்துக்கிட்டே?"

"தெரியல மாமா."

"தெரியாமலா மூணு தடவை ஆட்டினே? சித்தி பார்த்திருக்காங்கடா. போய் 'திருப்பிச் சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை கேளு."

"ஆட்டினதுக்கப்புறம் எப்படிக் கேக்கிறது? 'இந்த ஆளு நான் பேசறதையே கேக்க மாட்டான்'னு வேற இடம் பாத்துடுவாங்க மாமா."

அந்த முடி என் கண்ணை விட்டுப் போகவில்லை. மாமா ஆறுதலுக்காக ஒவ்வொன்றாக யூகித்தார். வீட்டோடு மாப்பிள்ளையா? சைவமாக மாறணுமா? மீசையை எடுக்கணுமா? (மீசையை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.) எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஃபிலிம்தான். அதில் அவள் குரல் இருக்கிறது.

தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவித் தர ஒப்புக்கொண்டார். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, கடைசியில் சுருளைக் கையில் கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சவுண்ட் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"எது? இது ஊமைக் கேமரா சார். இதுக்குக் காதே கிடையாது."

கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அது கிடக்கட்டும். ஏன் திருப்பிப் போடல?"

"போட்டேனே! ரஜாய்க்குள்ள சுத்தி..."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சார், இந்த ஃபிலிம் ரெட்டை அகலம். ஒரு ஓட்டத்துல ஒரு பாதியிலதான் படம் விழும். சுருளைக் கவுத்துப் போட்டா மறு பாதியில விழும். அப்புறம் நடுவுல நீளமா வெட்டி ஒட்டறோம். தோசையைத் திருப்பிப் போடுன்னா என்ன பண்ணுவீங்க? வெந்த பக்கத்து மேலயே மறுபடி மாவை ஊத்துவீங்களா?"

ஊற்றியிருந்தேன். ஏரிமேல் சுகுணாவை.

அதற்குள் அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரித்து, அவளே ரயிலேறி பெங்களூர் வந்துவிட்டாள். இனி அந்தப் படம் யாருக்கும் தேவையில்லை. ஆனால் அம்மா விடவில்லை. "என் மவன் எனக்காக எடுத்த படம்" என்று சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து அழைத்துவிட்டாள். ஸ்டுடியோக்காரரின் புரொஜெக்டர் மாமா வீட்டுக்கு வந்தது. சுவரில் வேட்டியைக் கட்டி விளக்கை அணைத்தார்கள்.

ஏரி வந்தது. அதன்மேல் சுகுணா வந்தாள். காய்கிற புடவைகள் எல்லாம் அலையாகிவிட்டன. தண்ணீர் அவளுக்குள் மினுமினுத்தது. வாத்துகள் ஒரு தோளில் ஏறி மறு தோளில் இறங்கின. அவள் கழுத்தருகே மாமா உட்கார்ந்து நிம்மதியாகக் கடலை தின்றுகொண்டிருந்தார்.

"யோவ், என் பொண்ணு மேல ஏன்யா உக்காந்திருக்கே?" என்று இருட்டில் சுகுணாவின் அப்பா குரல் கேட்டது.

"நான் ஏரியிலங்க உக்காந்தேன்! சத்தியமா ஏரியில!"

சுகுணா பேச ஆரம்பித்தாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. சரியாக அந்த இடத்தில் படகு ஒன்று வந்து அவள் வாய்மேல் மெல்ல நகர்ந்தது. பிறகு, ஏரி ஆடாமல் இருக்க, அவள் மட்டும் மேலே போனாள், கீழே வந்தாள். மூன்று முறை. அலையில் மிதக்கிறவள் மாதிரி. அது என் தலையாட்டல். கேமரா என் முகத்தோடு ஒட்டியிருந்ததே! படத்தில் நான் எங்கும் இல்லை, என் சம்மதம் மட்டும் இருக்கிறது.

விளக்கைப் போட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். "பொண்ணு என்னமோ சொல்லுதே. என்னடா சொல்லுது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுகுணாவும்தான்.

"சொல்லுங்க," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். ஒரு தையல் விட்டாலும் கண்டுபிடிக்கிற அந்தக் கண்கள் சட்டையைச் சோதிப்பதுபோல் என் முகத்தில் காலர் முதல் பட்டன் வரை ஒருமுறை ஓடின. அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

"விடுங்க அத்தே," என்றாள் அம்மாவிடம். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

கிளம்பும்போது வாசலில், செருப்பு மாட்டிக்கொண்டே, தணிந்த குரலில் கேட்டாள். "நீங்க ஒண்ணுமே காதுல வாங்கல, இல்ல?"

தலையாட்டினேன். என் வாழ்நாளில் கேள்வி புரிந்து ஆட்டியது அதுதான் முதல் தடவை.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அந்தத் தைரியத்தில், "திருப்பிச் சொல்லுங்க" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான்."

இன்று வரை சொல்லவில்லை. கல்யாணமான மறுமாதம் அவள் வேலைக்குக் கிளம்ப, நான் சாதம் வடித்தபோது, "மொட்டை மாடியில ஒத்துக்கிட்டீங்களே" என்றாள். ஜோகுபாளையத்திலேயே வீடு பார்த்தபோதும் அதேதான். சம்பளத்தைக் கையில் கொடுப்பது, துணி காயப்போடுவது, அவள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாமே மொட்டை மாடியில் ஒத்துக்கொண்டவையாம். இப்போது நீங்களும் பிடித்துக்கொண்டீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்த பேச்சில் உங்கள் சைக்கிளுக்கு நான் எப்படி ஒத்துக்கொண்டிருப்பேன்? ஒரு சாவிக்கு அரை நிமிஷம்தான் ஓடும் என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன்!

போன வாரம் பெரியவள் கேட்டாளே, "நிஜமாவே அன்னிக்கு எத்தனை விஷயம்மா கேட்டீங்க?" என்று. சுகுணா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். உங்கப்பா செஞ்சுட்டுதான் இருக்காரு."

அது எது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறேன்.