கடாரத்துக்கு வழி வகுத்தவன் கடலூர் சேர்ந்த வரலாறு

யான் கடல் கடக்கப் புறப்பட்டு ஏரியில் விழுந்ததாக என் பேரப்பிள்ளைகள் அயலாரிடம் சொல்லி வருகின்றனர். அது ஏரியன்று, ஆறு. அதிலும் யான் விழவில்லை. இவ்வுண்மையை நிலைநாட்டவே இதனை எழுதுகிறேன்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டத் தொடங்கியிருந்த அந்நாளில், மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த தமிழாசிரியன் யான். சுரங்கத்தில் பொருத்துநராகிய (ஃபிட்டர் என்றால்தான் அவனுக்கே புரியும்) நண்பன் சூசையும் யானும், கடலூரிலிருந்து கடாரத்துக்குப் பாய்மரக் கலத்தில் செல்வதென முடிவு செய்தோம். கலம் இல்லை, இருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆயினும் வழி ஆயத்தம்! நிலப்படத்தில் குண்டூசி குத்தி, நூல் கட்டி, நிக்கோபாரில் நன்னீர் முகப்பது வரை வகுத்துவிட்டோம்.

திசைகாட்டியைச் சோதிப்பதே எஞ்சியது. அதற்கு யான் தேர்ந்த நாள், கடலூரில் எனக்குப் பெண் பார்க்கும் நாள். நிழற்படம் கண்டது முதல் என் நெஞ்சம் அப்பெண்ணிடமே இருந்தது. அன்று வரத் தவறினால் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாக அவள் தந்தை சொல்லியனுப்பியிருந்தார்.

"பஸ்ஸுல வா வாத்தியாரே" என்றான் சூசை.

"நடுக்கடலில் பேருந்து உண்டோ?"

"நீ நடுக்கடல்லயா பொண்ணு பாக்கப் போற?"

அவன் பேருந்தில் முன்னே சென்றான். யானோ திசைகாட்டியை மிதிவண்டியின் கைப்பிடியில் இறுகக் கட்டிப் புறப்பட்டேன். கடலில் வழி கேட்க ஆளிருக்காது; ஆகவே எவரிடமும் வழி கேட்பதில்லை என்று நோன்பு வேறு. மழை மேகத்தில் கதிரவனையும் காணோம். ஊசி மட்டும் பேரன்போடு ஒத்துழைத்தது. யான் எப்பக்கம் திரும்பினாலும் அப்பக்கமே கிழக்கு என்றது! கைப்பிடி இரும்பாயிற்றே, ஊசி அதைவிட்டு வேறெங்கே போகும் என்பது இலக்கணம் பயின்ற மூளைக்கு எட்டவில்லை.

மாலையில் அகன்ற நீர்ப்பரப்பு தெரிந்தது. "கடல்!" என்று கூவி ஓடி, அள்ளிப் பருகினேன். உப்பில்லை.

அங்கே எருமை கழுவிய அம்மையார் திகைத்தார். "மாடு குளிச்சிக்கினு கெடக்குது, அந்தத் தண்ணியப் போயி குடிக்கிறீங்களே சாமி!"

"அம்மா, இது எந்தக் கடல்?" (நோன்பு முறிந்தது.)

"கடலா? வெள்ளாறுங்க இது. சேத்தியாத்தோப்பு. கடலூரு அந்தாண்ட கெடக்குது!"

மிதிவண்டியைப் பேருந்தின் கூரையிலேற்றி, விளக்கு வைத்தபின் கடலூர் சேர்ந்தேன். பெண்ணின் தந்தை வெற்றிலைத் தட்டை உள்ளே அனுப்பிவிட்டிருந்தார். என்னிடம் கேட்டறிந்து சூசை நடந்ததைச் சொல்ல, அவர் "பக்கத்து ஊருக்கே வழி தெரியல. இவர நம்பி எப்படிங்க பொண்ணு குடுக்கிறது?" என்றார்.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "இவரே இருக்கட்டும்ப்பா. வூட்ட வுட்டு ஓடிப்போவ நெனச்சாலும், சுத்திச் சுத்தி நம்ம வூட்டுக்கே வந்து நிப்பாரு."

வெற்றிலைத் தட்டு திரும்பி வந்தது. கடாரப் பயணம் அன்றோடு நின்றது. இன்றும் எங்கள் இல்லத்தில் எவர் காலந்தாழ்ந்து வந்தாலும், "என்ன, சேத்தியாத்தோப்பு வழியாவா?" என்பதே வரவேற்பு.

இதில் சொற்பிழை, பொருட்பிழை காணும் அன்பர்கள் எனக்கு எழுதித் திருத்துக. வழி பற்றிய பிழைகளை மட்டும் என் மனைவிக்கு எழுதுக. அத்துறை அன்று முதல் அவர் பொறுப்பில் உள்ளது.