டெஸ்க்டாப்பில் முறைப்பாசனம்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். கற்பூரம் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும். இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் என் மீசையின் இடது பக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். வலது பக்கம் எதற்கு மிச்சம் என்று கேட்காதீர்கள். இரண்டாவது வார்த்தையும் பொய்யாக இருந்தால், அதற்கு.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் தலைப்பில் முப்பத்தொரு வருஷம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதகு ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. ஓர் ஐப்பசி வெள்ளத்தில் காவிரியே என்னிடம் வந்து, "இடது பக்கம் போகட்டுமா, வலது பக்கம் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனது. பத்து வேலி நிலம் வைத்திருந்தவர்கள்கூட துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எங்களுக்கு எப்பங்க முறை?" என்று என் முன்னால் நிற்பார்கள்.

ஆறு கேட்டது. ஊர் கேட்டது. என் வீட்டுக்காரி அகிலாண்டம் மட்டும் இந்த நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட, "என்னங்க, இது எப்படி?" என்று என்னிடம் கேட்டதில்லை. ஃபியூஸ் போனால் அவளே போடுவாள். மிக்ஸி நின்றால் அவளே தட்டுவாள். எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று ஒன்றை இத்தனை வருஷம் தேடினேன். அதையும் அவள் எனக்கு முந்தியே தெரிந்து வைத்திருந்தாள். இது என்ன நியாயம்?

சிங்கப்பூரிலிருந்து மகன் செந்தில்குமார் ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினான். பெட்டிமேல் 'அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது. பெட்டி இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் பழைய செருப்பு போட்டு வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் அவளிடம் இருக்கிறது.

அதைத் திறந்தால் திரை முழுக்க அவள் தம்பி குணசேகரன். கூலிங் கிளாஸ், பொன்னாடை, கையில் ஓர் ஆட்டுக்குட்டி. அவன் நெற்றியில் வீடியோ கால். இரண்டு கன்னத்திலும் கோலமும் சமையலும். காதில் சீரியல். என்னுடையது என்று அதில் இருந்தது ஒரே ஓர் ஐகான், மேட்டூர் நீர்மட்டம். அது ஆட்டுக்குட்டியின் வாலுக்குப் பக்கத்தில் இருந்தது. லஸ்கருக்கு அங்கேதான் இடமா?

"இந்த மூஞ்சிய மாத்து" என்றேன்.

"எந்த மூஞ்சிய?"

"உன் தம்பி மூஞ்சிய. காலையில எந்திரிச்சு மேட்டூர்ல எத்தனை அடின்னு பாக்க வந்தா, இவன் மூஞ்சியிலதான் முழிக்க வேண்டியிருக்கு."

"அவன் மூஞ்சியில முழிச்ச நாள்லேர்ந்துதான் மேட்டூர் ஏறுது. நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். ஏறித்தான் இருந்தது. ஆத்திரம் இன்னும் ஏறியது.

அன்றைக்கே தீர்மானித்தேன். இந்தக் கம்ப்யூட்டரை வைத்தே அவளைக் கேட்க வைப்பது. ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து, "என்னங்க, இது எப்படி?" அதைக் காதால் கேட்காமல் இந்த உயிர் போகாது.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு வளைகாப்புக்குத் திருவிடைமருதூர் போனாள். பஸ் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மவுஸின் வலது பக்கத்தை அமுக்கினால் ஒரு பட்டியல் விழுகிறது. அதில் ஒன்றை அமுக்கினால் இன்னொரு பட்டியல். கை வைத்த இடத்திலெல்லாம் ஒரு மதகு. இது எனக்குப் புதிதா? முப்பத்தொரு வருஷ அனுபவத்தையும் மொத்தமாக உள்ளே இறக்கினேன்.

'ஆறு' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'வாய்க்கால்'. அதற்குள் 'கிளை வாய்க்கால்'. அதற்குள் 'கன்னி வாய்க்கால்'. அதற்குள் 'மடை'. அதற்குள் 'வயல்'. அதற்கும் கீழே 'வடிகால்'. வீடியோ கால், கோலம், சமையல், சீரியல் எல்லாவற்றையும் அள்ளி வடிகாலில் போட்டேன். மேட்டூரை எல்லாவற்றுக்கும் மேலே, தலைமடையில் வைத்தேன். ஸ்டார்ட் மெனுவைத் துடைத்துக் களத்துமேடு மாதிரி சுத்தமாக்கினேன். அடியில் ஓடும் பட்டையை ஒளித்துவைத்தேன். குணசேகரனை இறக்கிவிட்டு, நான் வேலை பார்த்த மதகின் படத்தை ஏற்றினேன். ஷட்டர் முழுக்க இறக்கிய படம்.

சாயங்காலம் அவள் வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டேன். தலைகீழாக விரித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. டிக். டிக். டிக். அப்புறம் சத்தமே இல்லை. நாற்காலி நகர்ந்தது. காலடி என்னை நோக்கி வந்தது. பெருந்தன்மையான ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"என்னங்க" என்றாள்.

நாற்பத்திரண்டு வருஷம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொல்லு அகிலாண்டம்."

"இட்லி மாவு புளிச்சுப் போச்சு. ராத்திரிக்கு தோசை போதுமா?"

"போதும்" என்றேன். "வேற எதுவும் கேக்கணுமா?"

"சட்னியா சாம்பாரா?"

மறுநாள் காலையில் மதில் ஓரமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி எட்டிப் பார்த்தார். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர். என் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்கு முந்தி அவருக்குத் தெரியும்.

"என்ன தங்கையண்ணே, வீட்டுக்குள்ளேயே முறை வச்சு தண்ணி விடுறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"அக்காதான் நேத்து வந்து ஒரு மணி நேரம் சிரிச்சிட்டுப் போச்சு. வடிகால்ல சீரியல் ஓடுதுன்னு."

"அது தானா அப்படி ஆயிருக்கும். கம்ப்யூட்டர்னா அப்படித்தான்."

"தானா கன்னி வாய்க்கால் வெட்டிக்கிற கம்ப்யூட்டர் எங்க சென்டர்ல ஒண்ணுகூட இல்லைண்ணே. இருந்தா சொல்லுங்க, வாங்கிக்கிறேன்."

வாயில் இருந்த பற்பசை பாதி உள்ளே போய்விட்டது.

உள்ளே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரையில் இரண்டு வட்டம். ஒன்றில் அகிலாண்டம். இன்னொன்றில் தங்கையன். என் வட்டத்தைத் தொட்டேன். என் மதகு, என் ஷட்டர், என் ஆறு, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்கென்று தனி ராஜ்ஜியமே கொடுத்துவிட்டாள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. தலைமடையில் இருந்த மேட்டூரை அமுக்கினேன்.

'இதைத் திறக்க அகிலாண்டத்தின் அனுமதி தேவை.'

அதன் கீழே ஒரே ஒரு பொத்தான். அதில் 'கேட்கவும்' என்று எழுதியிருந்தது.

"அகிலாண்டம்!"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள்.

"என்ன இது?"

"நான் மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடை ஊர்ல பொறந்தவ. மேலே இருக்கிறவங்க ஷட்டரை இறக்கிட்டா, நாங்க யார்கிட்டயும் போயி கெஞ்சமாட்டோம். தண்ணிக்குத் தரையில போர் போட்டுக்குவோம். எனக்குத் தனியா ஒரு போர் போட்டுக்கிட்டேன். ரஹ்மத்துதான் இடம் பாத்துக் குடுத்துச்சு."

"உனக்குப் போட்டுக்க. எனக்கு எதுக்குப் பூட்டு?"

"அதுவா. உங்க பேர்ல ஒண்ணு ஆரம்பிக்கும்போது வயசு கேட்டுச்சு. நீங்க பண்ணிவச்ச வேலையப் பாத்தேன். பன்னெண்டுன்னு போட்டேன்."

அறுபத்தெட்டு வயது. வெள்ளத்தில் காவிரியைத் திருப்பிவிட்டவன். பன்னிரண்டு. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்தான் என்று வேறு அந்தத் திரை எனக்குப் புத்தி சொல்கிறது.

"அந்தப் பொத்தானை நான் அமுக்கமாட்டேன்" என்றேன்.

"வேணாம். நானா அமுக்கச் சொன்னேன்?"

ஒரு நாள் அமுக்கவில்லை. இரண்டு நாள் அமுக்கவில்லை. பேப்பரில் பார்க்கலாமே என்பீர்கள். பேப்பரில் வருவது நேற்றைய தண்ணீர். ஓய்வு பெற்றாலும் ஒரு லஸ்கர் நேற்றைய தண்ணீரைப் பார்ப்பானா? மூன்றாம் நாள் காலையில் என் இரத்தக் கொதிப்பு மேட்டூருக்கு மேலே போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

அடுக்களையில் அவள் செல்போன் 'டிங்' என்றது.

"யாரோ என்னமோ கேக்குறாங்க" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

"நான்தான்."

"வாயால கேளுங்க. போன்ல எழுத்து பொடிசா இருக்கு."

மதிலுக்கு அந்தப் பக்கம் ரஹ்மத் பீவி துணி உதறுவதை நிறுத்தினார். தெருவில் போன ஒரு மாடுகூட நின்றது. இதுவும் சத்தியம்.

"அகிலாண்டம்" என்றேன். தொண்டையைச் செருமினேன். "இது எப்படி?"

"அப்படிக் கேளுங்க" என்றாள். திறந்தது.

நீர்மட்டம் இரண்டடி ஏறியிருந்தது. அவளுடைய வட்டத்துக்குள் குணசேகரன் இருப்பதால்தான் என்கிறாள்.

நீங்கள் தெரிந்தவர் என்பதால் சொன்னேன். ஊரில் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை பாக்கி இருக்கிறது. இந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். முக்கியமாக அகிலாண்டத்திடம். இதை டைப் அடித்து முடித்துவிட்டேன், உங்களுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அனுப்பப் போனால் திரையில் மறுபடி ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது: 'அகிலாண்டம் படித்துப் பார்த்த பிறகே அனுப்பப்படும்.'